தை மாதத் தாழ்வு மண்டலம்: திருச்சிக்கு எட்டும் ஆபத்து

வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். கடல் குளிர்வதால் ஜனவரி, பிப்ரவரியில் வங்கக் கடலில் புயல் உருவாவது அரிது. ஆனாலும் தை மாதத்தில் எப்போதாவது ஒரு தாழ்வு மண்டலம் தலைகாட்டும். நாகப்பட்டினம் கடற்கரையிலிருந்து திருச்சி சுமார் 125 கி.மீ. உள்ளே இருப்பதால் கடல் சீற்றம் இங்கே எட்டாது. காற்றும் பெரும்பாலும் வழியிலேயே வலுவிழக்கும். மழைதான் வந்து சேரும்.

காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை இருந்தால் தாழ்வு மண்டலம், 62 கி.மீ.யைத் தொட்டால் புயல். செயற்கைக்கோள் படங்கள், கடல் மிதவைகள், கணினி மாதிரிகள் ஆகியவற்றைக் கொண்டு அவற்றின் பாதையை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே இந்திய வானிலை ஆய்வுத் துறை கணிக்கிறது. எந்த ஊரில் எவ்வளவு பெய்யும் என்பதைச் சொல்வதுதான் கடினம். கடைசி சில மணி நேரத்துக்குக் காரைக்கால் ரேடார் கைகொடுக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.யைத் தாண்டினால் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.யைக் கடந்தால் அதி கனமழை.

ஒரே அளவு மழை எல்லா மாதத்திலும் ஒரே சேதத்தைச் செய்வதில்லை. ஆடி, ஆவணியில் ஆபத்து மேற்கிலிருந்து வரும். கர்நாடக மழையால் மேட்டூர் அணை நிரம்பினால், காவிரியில் வரும் உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும். காவிரி, கொள்ளிடம் ஆகிய இரண்டு ஆறுகளுக்கு நடுவே தீவாக இருக்கும் ஸ்ரீரங்கத்தின் கரையோரப் பகுதிகள் அப்போதுதான் விழிப்பாக இருக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் 22 அன்று, 1836இல் கட்டப்பட்ட கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் இடிந்து விழுந்தது இத்தகைய வெள்ளத்தில்தான். மேட்டூர் நீர் வந்து சேர ஒரு நாளுக்கு மேலாகும் என்பதால் முன்னெச்சரிக்கைக்கு அவகாசம் உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் அந்த அவகாசம் இல்லை. 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் அருகே கரை கடந்த புயல் மேற்கே நகர்ந்து பெருமழையைக் கொட்டியது. மணப்பாறைப் பக்கத்து மேட்டு நிலங்களில் பெய்யும் மழை கோரையாறு, அரியாறு வழியாகச் சில மணி நேரத்தில் நகரத்தின் மேற்குப் பகுதிக்கு வந்துவிடும். காவிரியும் நிறைந்து ஓடினால் அதில் கலக்கும் குடமுருட்டி ஆறு வடிய வழியில்லாமல் எதிர்த்து ஏறும்.

தை மாதத்தில் நிலைமை வேறு. பாசனத்துக்கான மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜனவரி 28உடன் முடிவதால் ஆற்றில் நீர் குறைந்திருக்கும். ஆனால் வயலில் சம்பா நெல் முற்றி அறுவடைக்கு நிற்கும். 2023 பிப்ரவரி 2 அதிகாலை இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்த தாழ்வு மண்டலம் புயலாகவே மாறவில்லை, பெயரும் பெறவில்லை. ஆனாலும் அதன் மழையில் டெல்டா மாவட்டங்களில் கதிர்கள் சாய்ந்து நீரில் மூழ்கின. கொள்முதல் நிலையங்களில் குவித்திருந்த நெல்லும் நனைந்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணத்தை அரசு அறிவித்தது.

ஆகவே தை மாத எச்சரிக்கையில் காற்றின் வேகத்தைவிட மழை தொடங்கும் நாளே முக்கியம். இரண்டு நாள் முன்னதாகத் தெரிந்தால் முற்றிய வயலை அறுத்துவிடலாம், வடிகாலைத் திறந்துவைக்கலாம், களத்து நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடலாம்.