கட்டமும் பின்னிறமும்

எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்வோர் வார்ப்பச்சைச் சற்றுப் பெரிதாகவே அமைப்பர். களிமண் உலர்கையிலும் சூளையில் வேகையிலும் சுருங்கும் என்பதை அவர் அறிவர். பக்கத்தில் கட்டம் கட்டுவோர்க்கும் இத்தகைய முன்கணக்கு வேண்டும்.

என் பழைய மாணவர் ஒருவர், டொனால்டு நூத் 1978இல் வெளியிட்ட டெக்கின்மீது எழுந்த லாடெக் முறையில் பள்ளி மலர் கோத்தார். மறைந்த ஆசிரியர் ஒருவருக்கான அஞ்சலியைப் பக்கத்தின் எழுத்தகலம் முழுதும் நிரப்பிக் கட்டம் கட்டினார். வலக்கோடு ஓரத்தைத் தாண்டி நின்றது.

காரணம் எளிது. இயல்பாகக் கோட்டின் கனம் 0.4 பாயிண்ட், கோட்டுக்கும் எழுத்துக்கும் இடைவெளி 3 பாயிண்ட். இருபுறமும் சேர 6.8 பாயிண்ட் மிகும். ஈய எழுத்துக் காலத்தில் கணக்குப் பிசகினால் பாரமே இறுகாது. கணிப்பொறியோ மிகையைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு மேலே சென்றுவிடும். ஆதலின் பத்தியின் உள்தள்ளலை நீக்கி, அம்மிகையை எழுத்தின் அகலத்தினின்று முன்னரே கழித்துக்கொள்க.

பின்னிறத்தின் இயல்பு வேறு. 'பேஜ்கலர்' என்னும் கட்டளை, மாற்றும்வரை பின்வரும் பக்கங்களுக்கெல்லாம் அந்நிறத்தையே பூசும். அஞ்சலிக்கு மட்டும் இளமஞ்சள் வேண்டின், அப்பக்கத்தை முடித்தபின் வெண்மையை மீட்க மறவற்க. அடர்நிறத்தின்மேல் கருப்பெழுத்து முதியோர் கண்ணுக்குப் புலப்படாது, வெளிர்நிறமே நன்று.

மாணவர் திருத்தினார். ஆசிரியரின் துணைவியார் கண்ணாடியின்றியே அப்பக்கத்தைப் படித்தார். கட்டமும் நிறமும் எழுத்துக்கு ஏவல் செய்வனவே அன்றோ?