ஒரே அலைக்கு ஏன் இரண்டு நிரல்?

பொன்முடி மலையடிவாரத்தில், விதுராவில் இருக்கிறது இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐசர் திருவனந்தபுரம். 2016 பிப்ரவரியில் ஈர்ப்பலைக் கண்டுபிடிப்பை அறிவித்த லைகோ உணர்கருவிக் குழுவின் கட்டுரையில் இதன் பெயரும் உண்டு. எழுதியவர்கள் சுமார் ஆயிரம் பேர்!

லைகோ உணர்கருவியின் 4 கி.மீ. நீளக் கை, புரோட்டானைவிடச் சிறிய அளவு நீண்டதா என்பதைத் தரவிலிருந்து தேடிச் சொல்வது மென்பொருள். அதில் ஒரு வரி பிசகினால்?

அதனால் பொது நிரலில் யாரும் இஷ்டத்துக்குக் கைவைக்க முடியாது. மாற்ற விரும்புபவர் கிட் (Git) என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் தனிக் கிளை பிரித்து எழுதுவார். தானியங்கிச் சோதனைகள் ஓடும். பிறகு வேறொருவர், அநேகமாக வேறு நாட்டுக்காரர், வரிவரியாகப் படித்துக் கேட்பார்: இந்த நிறை சூரிய நிறையிலா, கிலோகிராமிலா? அற்பக் கேள்வி மாதிரி தெரியும், அல்ல.

இன்னொரு காவல், பைசிபிசி, ஜிஎஸ்டிலால் என்ற இரு தேடல் நிரல்கள். தனித்தனியாகத் தேடி அதே அலையைக் கண்டன. ஆனால் இரண்டுமே லால்ஸ்வீட் என்ற பொது நூலகத்தைச் சார்ந்தவை. அங்கே பிழையென்றால் இரண்டும் சேர்ந்தே ஏமாறும். கண்டிப்பு அதிகம் வேண்டிய இடம் அதுதான் என்பேன்.

நிரலை மட்டுமல்ல, ஆட்களையும் சோதித்தார்கள். 2010 செப்டம்பரில் குழுவில் ஒரு சிலர் மட்டும் அறிய, மற்றவர்களுக்குச் சொல்லாமல் போலி அலையொன்றைத் தரவில் செருகினார்கள். கட்டுரை வரைவு தயாரான பிறகே, 2011 மார்ச்சில், உண்மையை உடைத்தார்கள்.