ஈ புத்தகம் நூறு கோடி ரூபாய், தெரியுமா?

ஒரே ஒரு புத்தகம். விலை 2 கோடியே 36 லட்சத்து 98 ஆயிரத்து 655 டாலர், 93 சென்ட்! அன்றைய மதிப்பில் நூறு கோடி ரூபாய்க்கும் மேல்! தபால் செலவு 3 டாலர் 99 சென்ட் தனி! (அதையும் விடவில்லை பாருங்கள்.) 2011 ஏப்ரலில் அமேசானில் நிஜமாகவே இருந்த விலை இது. தங்கத் தகட்டில் பொறித்த புராணம் ஒன்றும் இல்லை. பழ ஈயின் கரு எப்படி வளர்கிறது என்று பீட்டர் லாரன்ஸ் என்ற விஞ்ஞானி எழுதிய ‘தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை’. 1992-ல் வந்து, மறுபதிப்பு இல்லாமல் நின்றுபோன நூல்.

விலையை ஏற்றியது யார்? எந்த மனிதரும் இல்லை! புதுப் பிரதி வைத்திருப்பதாகச் சொன்ன இரண்டு கடைகள், விலை வைக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டிருந்தன. முதல் கடை எதிர்க்கடையின் விலையை 0.9983-ஆல் பெருக்கி, ஒரு துளி குறைத்து வைக்கும். இரண்டாவது கடை அந்த விலையை 1.270589-ஆல் பெருக்கும். இவர் ஏற அவர் ஏற, தினம் ஒரு சுற்று. சுற்றுக்கு ஏறக்குறைய 27 சதவீதம் என்றால் மூன்றே நாளில் இரட்டிப்பு! பெர்க்லி உயிரியலாளர் மைக்கேல் ஐசன் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் குட்டு வெளிப்பட்டது. இரண்டாவது கடையிடம் சரக்கே இருந்திருக்காது, ஆர்டர் வந்தால் முதல் கடையில் வாங்கி விற்கும் எண்ணம் என்பது அவர் ஊகம். கடைசியில் விலை 106 டாலருக்கு விழுந்தது. பெரிய வேடிக்கை என்னவென்றால், அதே பக்கத்தில் பழைய பிரதி சுமார் 35 டாலருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது!

அதுவாவது காகிதம். வாங்கினால் வீட்டில் கிடக்கும். மின்னூல்?

2009 ஜூலையில், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்னூல் கருவியிலிருந்தே புத்தகங்களைச் சொல்லாமல் கொள்ளாமல் அழித்தது அமேசான்! விற்றவருக்கு அமெரிக்காவில் உரிமை இல்லையாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், சரி. ஆனால் அழிந்தவற்றில் ஒன்று எது தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’! வேண்டாத ஆவணங்களை ஒரு துவாரத்துக்குள் போட்டு எரிக்கும் அரசைப் பற்றிய அதே நாவல்! இப்படி ஒரு பொருத்தத்தைக் கதையில் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். எடுத்து வைத்த குறிப்புகள் பயனற்றுப் போயின என்று பள்ளி மாணவர் ஒருவர் வழக்கே போட்டார். ஒன்றரை லட்சம் டாலரில் சமரசம். ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

மைக்ரோசாப்ட் 2019-ல் தன் மின்னூல் கடையை மூடியபோது எல்லாப் புத்தகமும் போச்சு. பணம் வாபஸ். ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர்! கிறுக்கி வைத்ததற்குச் சம்பளம்!

சரி, மின்னூல் சில சமயம் காகிதப் புத்தகத்தைவிட விலை அதிகமாக இருக்கிறதே, தாளும் இல்லை, மையும் இல்லை, லாரி வாடகையும் இல்லை, அப்புறம் ஏன்? கிண்டில் 2007-ல் வந்தபோது விற்பனையில் முந்தும் நூல்களுக்கு 9.99 டாலர் என்றது அமேசான். பதிப்பாளர்கள் கொதித்தார்கள். 2010-ல் மேக்மில்லன் மல்லுக்கு நிற்க, அந்த நிறுவனத்தின் புத்தகங்களுக்கு ‘வாங்கு’ பொத்தானையே எடுத்துவிட்டது அமேசான்! முடிவில் மின்னூல் விலையைப் பதிப்பாளரே வைக்கும் முறை வந்தது. காகிதப் புத்தகத்துக்குக் கடைக்காரர் இஷ்டம்போல் தள்ளுபடி தரலாம்; மின்னூலில் கை வைக்க முடியாது. ஆகவே தாள் மலிவு, வெளிச்சம் விலை! இந்த ஏற்பாட்டில் பதிப்பாளர்களோடு ஆப்பிள் கூட்டுச் சதி செய்ததாக 2013-ல் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, அந்த நிறுவனம் 45 கோடி டாலர் சமரசத்துக்கு இறங்கிவர வேண்டியதாயிற்று.

நம் ஊரில்? அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. மின்னூலுக்கு உண்டு! 2018-ல் 18 சதவீதத்தை 5 ஆக்கினார்கள், அதுவும் அச்சுப் பதிப்பு இருந்தால்தான். மின்னூலாக மட்டும் வெளியிடும் எழுத்தாளர் என்ன பாவம் செய்தாரோ!

இந்தப் புலம்பலில் வீடியோ கேம் ஆடுபவர்கள் நமக்கு அண்ணன்கள். யூபிசாஃப்ட் 2014-ல் விற்ற ‘தி க்ரூ’ கார் பந்தய கேமின் சர்வர்களை 2024-ல் நிறுத்தியதும், தனியாக ஓட்டக்கூட வழியில்லை. டிஸ்க் அலமாரியில் பத்திரம், ஆட்டம் காலி!

கையில் பிடித்தால் மட்டும் நிம்மதியா? 2006-ல் நின்டெண்டோவின் ‘வீ’ கேம் கருவி வந்தது. ரிமோட்டை வீசி ஆடும் டென்னிஸ், பௌலிங். வேர்த்த கையிலிருந்து ரிமோட் பறந்தது, அதை மணிக்கட்டோடு கட்டிய கயிறு அறுந்தது, டிவி நொறுங்கியது! அந்த டிசம்பரிலேயே 32 லட்சம் மணிக்கட்டுக் கயிறுகளை மாற்றித்தர முன்வந்தது கம்பெனி. 0.6 மில்லிமீட்டர் கயிறு 1 மில்லிமீட்டர் ஆனது. அதுவும் போதாமல், அடுத்த ஆண்டு ரிமோட்டுக்கே சிலிகான் சட்டை, இலவசமாக!