கணக்கும் உடைமையும்: நிரற் களஞ்சியங்கள் பற்றிச் சில குறிப்புகள்

கூட்டுழைப்பின் விளைபொருள் யாருக்கு உரியது என்ற வினா நிலத்தோடும் ஆலையோடும் நின்றுவிடுவதில்லை. கணினி நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிற்ஹப் போன்ற தளத்தில் கணக்கொன்றைத் திறப்பது பொதுவாக வெறும் தொழினுட்பக் கருமமாகவே கருதப்படுகின்றது. உண்மையில், கணக்கைத் திறப்பவர் ஓர் உடைமை உறவினுள்ளும் பிரவேசிக்கின்றார்.

இதனை விளங்கிக்கொள்ள வரலாற்றுப் பின்னணி அவசியமாகும். லினக்ஸ் மையநிரலை எழுதியோர் தனியார் நிறுவனமொன்றின் மென்பொருளான பிற்கீப்பரை இலவச அனுமதியுடன் பயன்படுத்தி வந்தனர். 2005 இல் அவ்வனுமதி மீளப்பெறப்பட்டது. அதனைத் தொடர்ந்து லினஸ் தோர்வால்ட்ஸ், நிரல்களின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் ‘கிற்’ என்னும் கருவியை ஆக்கினார். இதில் களஞ்சியத்தைப் பிரதிசெய்யும் ஒவ்வொருவருக்கும் பொதுவாக அதன் முழு வரலாறும் கிடைக்கின்றது. ஆயினும் பலர் கூடி உழைப்பதற்குப் பொதுவிடம் ஒன்று வேண்டியிருந்தது. 2008 இல் தொடங்கப்பட்ட கிற்ஹப் அதனை வழங்கிற்று. 2018 இல் மைக்ரோசொஃப்ற் நிறுவனம் 750 கோடி டொலர் பெறுமதிக்கு அதனை வாங்கிக்கொண்டது.

இங்கு ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். நிரலின் வரலாறு பலரிடம் பரவியிருக்க, குறைபாட்டு அறிக்கைகளும் விவாதங்களும் அனுமதிகளும் தளத்திலேயே தங்கிவிடுகின்றன. அவற்றில் பங்குகொள்வதற்கான வாயில் கணக்கேயாகும். 2019 இல் அமெரிக்காவின் பொருளாதாரத் தடைகளைக் காரணமாகக் காட்டி ஈரான், சிரியா, கிரைமியா ஆகிய இடங்களிலுள்ளோரின் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டன. பலர் தம் தனிக் களஞ்சியங்களையே அணுக முடியாதவராயினர். அமெரிக்க அரசின் அனுமதி பெற்று 2021 இல் ஈரானியருக்கு அச்சேவை மீண்டும் வழங்கப்பட்டது. வாயிலின் திறவுகோல் யாரிடம் உண்டு என்பதற்கு இது போதிய சான்றாகும்.

எனவே கணக்கைப் பேணுவதில் விழிப்பு வேண்டும். கிற்ஹப்பின் விதிப்படி ஒருவர் இலவசத் தனிக்கணக்கு ஒன்றையே வைத்திருக்கலாம். வேலை மாறினால் இழக்க நேரும் நிறுவன மின்னஞ்சலை மட்டும் அதற்கு ஆதாரமாகக் கொள்ளலாகாது. 2021 முதல் கிற்றின் வழியாக நிரலை அனுப்புவதற்குக் கடவுச்சொல் செல்லாது. மறைகுறிச் சாவியோ அனுமதிக்குறியோ வேண்டும். நிரல் வழங்குவோருக்கு 2023 முதல் இரட்டைச் சரிபார்ப்பு படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. அதன்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்தல் நன்று; அவையும் தொலையின் கணக்கு மீளாமற் போகலாம்.

சங்கமோ ஆய்வுக்குழுவோ ஆயின், ஒருவரின் கடவுச்சொல்லைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் கைவிடப்படல் வேண்டும். அமைப்புக்கணக்கு ஒன்றை நிறுவி, உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் தனிக்கணக்கின் வழியே அதனுட் சேர்வதே முறை. உரிமையாளர் பொறுப்பு குறைந்தது இருவரிடமாவது இருத்தல் அவசியம். ஒரே உரிமையாளர் நோயுற்றாலோ பிணங்கிப் பிரிந்தாலோ, பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தேடியது பூட்டிய அறைக்குள் அகப்பட்டுவிடும். விலகியோரின் அனுமதிகளையும் உடனுக்குடன் நீக்குதல் வேண்டும்.

இத்தளங்களை முற்றாகத் துறப்பது இன்று பலருக்கு இயலாது. ஆனால் களஞ்சியத்தின் முழுப் பிரதியைத் தம் கணினியிலும், பேர்லினில் இலாபநோக்கற்ற சங்கமொன்று நடத்தும் கோட்பேர்க் போன்ற பிறிதொரு தளத்திலும் வைத்திருத்தல் இயலும். விவாதங்களையும் அவ்வப்போது பதிவிறக்கிப் பேணுதல் வேண்டும். கிற் அளித்த பரவலை நடைமுறையில் காப்பாற்றும் பொறுப்பு அதனைப் பயன்படுத்தும் கூட்டத்தினுடையதேயாகும்.