உன் கண்ணாடியைக் காட்டு தம்பி!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. ஊர் எல்லையில் ஒரு மொட்டை மாடி. ஒவ்வொருத்தராகப் படியேறி வருகிறார்கள். ஒருத்தர் கையில் பழைய கட்டில் பலகையில் செய்த பெட்டி. இன்னொருத்தர் தோளில் நாலடி நீள பி.வி.சி. பைப். ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க பெரிய டிபன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறார். உள்ளே இருப்பது புளிசாதம் இல்லை பாஸ்... அவரே தன் கையால் தேய்த்த கண்ணாடி!

வீட்டிலேயே டெலஸ்கோப் செய்கிற கிறுக்கர்களின் மாதாந்திர ஜமா இது. ('கிறுக்கர்கள்' என்பது அவர்களே வைத்துக்கொண்ட பட்டம். நான் சொன்னதாக எழுதிவிடாதீர்கள்!) ரிட்டயர்டு லேத் ஆபரேட்டர், பேங்க் ஊழியர், மெடிக்கல் ரெப், ப்ளஸ் டூ பையன் என்று கலவையான கூட்டம். தலைவர் கிடையாது, சந்தா கிடையாது. ஒரே ஒரு ரூல்தான். செய்ததைக் கொண்டு வரணும். முடிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இன்னும் சொன்னால், முடியாததற்குத்தான் இங்கே மவுசு ஜாஸ்தி!

பேட்டி எடுக்கத்தான் போனேன். ஆனால், என் பையிலும் துணியில் சுற்றிய ஒரு ஆறு இன்ச் கண்ணாடி இருந்தது. ஆறு மாதம், சனி ஞாயிறெல்லாம் உட்கார்ந்து தேய்த்தது. அதை வெளியே எடுக்கலாமா வேண்டாமா என்று வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி.

ஏன் இந்த பயம்? அதற்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு.

காசு கொடுத்து வாங்கின பல்பு

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட். நாங்கள் நாலு பேர். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ரெடிமேடாக ஒன்றை வாங்கிவந்தோம். பெட்டி, ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். ஸ்விட்ச் போட்டால் ஓடும். 'சூப்பர் மச்சி' என்று கை கொடுத்துக்கொண்டோம்.

வைவாவில் வந்த எக்ஸ்டர்னல் ரொம்ப சாது. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதைச் செய்யும்போது எது சரியா வரலை?"

நாலு பேரும் பேய் அறைந்த மாதிரி நின்றோம். எது சரியாக வரவில்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? செய்திருந்தால்தானே! மார்க் வந்துவிட்டது. ஆனால், அந்தக் கேள்வி மட்டும் போகவே இல்லை.

அந்த லீவில்தான் கண்ணாடி தேய்க்க உட்கார்ந்தேன்.

ஒன்று குழியும், ஒன்று மேடாகும்

மேட்டர் ரொம்ப சிம்பிள். ஒரே அளவில் இரண்டு வட்டக் கண்ணாடித் துண்டுகள். ஒன்றை ஒரு டிரம் மேல் அசையாமல் வைக்கணும். நடுவில் கார்போரண்டம் தூளும் தண்ணீரும். இன்னொன்றை மேலே வைத்து முன்னும் பின்னும் தேய்க்கணும். நாலைந்து இழுப்புக்கு ஒரு தடவை கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பணும், நாமும் டிரம்மைச் சுற்றி ஒரு எட்டு நகரணும். கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தால், மேலே உள்ள கண்ணாடி குழியும், கீழே உள்ளது மேடாகும்.

எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றோடொன்று ஒட்டி நகரக்கூடிய வளைவு, கோளத்தின் வளைவு மட்டும்தான். அதனால், நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் அந்த வடிவம் தானாகவே வந்துவிடும். மெஷின் எதுவும் வேண்டாம், கை போதும்!

80-ம் நம்பர் தூளில் ஆரம்பித்து 120, 220, 320, 400, 600 என்று போகப் போகத் தூள் நைஸாகும். 600-க்கு வந்த பிறகு ஒரே ஒரு 80-ம் நம்பர் பொடி எங்கிருந்தாவது வந்து மாட்டினால் போச்சு. கீறல் விழும், பின்னால் போகணும். ஒவ்வொரு கட்டத்துக்கும் வாளி, துணி, தரை, நகக்கண் வரை கழுவி ஆகணும். "இந்நேரம் அம்மியில அரைச்சிருந்தா தெருவுக்கே சட்னி ஆகியிருக்கும்டா" என்றார் அம்மா.

சரி, எவ்வளவு ஆழம் குழியணும்? ஆறு இன்ச் கண்ணாடிக்கு, குவிதூரம் 1200 மி.மீ. என்றால், நடுவில் சுமார் 1.2 மி.மீ.தான்! இது ஈஸி. கஷ்டமே அதற்குப் பிறகுதான். பிட்ச் என்கிற கீலை உருக்கி ஊற்றிய தட்டின் மேல், சீரியம் ஆக்ஸைடு வைத்து பாலிஷ் போட வேண்டும். கோள வளைவைக் கொஞ்சமே கொஞ்சம் மாற்றி பரவளையம் ஆக்க வேண்டும். நல்ல கண்ணாடி என்றால், பரப்பில் பிழை 0.07 மைக்ரானைத் தாண்டக் கூடாது. தலைமுடியை ஆயிரமாகக் கிழித்தால் ஒரு பங்கு. கையால் தொட்டாலும் தெரியாது, ஸ்கேல் வைத்தாலும் தெரியாது.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் ட்விஸ்ட்!

பிளேடு பொய் சொல்லாது

1858-ல் பிரான்ஸின் லியோன் ஃபூக்கோ கண்டுபிடித்த டெஸ்ட் ஒன்று இருக்கிறது. இருட்டு அறை. கண்ணாடிக்கு எதிரே, அதன் வளைவு மையத்தில், ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சம். அது திரும்பி வந்து குவிகிற இடத்தில் ஒரு ஷேவிங் பிளேடு. பிளேடை மெதுவாக நகர்த்தி வெளிச்சத்தை வெட்டியபடி கண்ணாடியைப் பார்த்தால், மேடும் பள்ளமும் நிலா மேல் தெரிகிற மாதிரி நிழலாகத் தெரியும். கட்டை விரலைக் கண்ணாடியில் ஒரு நிமிஷம் வைத்துவிட்டுப் பார்த்தால், அந்தச் சூட்டில் வீங்கிய இடம்கூடத் தெரியும். அவ்வளவு துல்லியம்!

வீட்டில் நானே இந்த டெஸ்ட்டைச் செய்து பார்த்திருந்தேன். கண்ணாடியின் விளிம்பில் ஒரு வெளிச்ச வளையம், அணையவே மாட்டேன் என்றது. ஓரம் சரிந்துவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் பையைத் திறக்கவில்லை.

லேத் தாத்தா பார்த்துவிட்டார். "பையில என்ன தம்பி?"

"கண்ணாடி சார்... இன்னும் சரியா முடியலை."

"முடிஞ்சதைப் பார்த்து நான் என்ன பண்றது? உன் கண்ணாடியைக் காட்டு தம்பி."

மாடி அறையின் ஜன்னல்களை மூடினார்கள். என் கண்ணாடியை ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். ஒவ்வொருத்தராக வரிசையில் வந்து பிளேடுக்குப் பின்னால் கண்ணை வைத்தார்கள். அத்தனை பேரும் என் தப்பைத்தான் பார்த்தார்கள். க்ளாஸில் பேப்பர் திருத்திக் கொடுக்கும்போது வருமே ஒரு உதறல், அதே உதறல்.

யாரும் சிரிக்கவில்லை. 'பரவாயில்லை, நல்லா இருக்கு' என்று பொய்யும் சொல்லவில்லை. டீச்சர் தன் டிபன் டப்பாவைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். "இங்க பாரு, என்னோட முதல் கண்ணாடி. இதே ஓரம், இதே தப்பு. எத்தனை மணிக்கு பாலிஷ் போட்டே?"

"மத்தியானம் மேம். லஞ்ச் முடிச்சுட்டு."

"அதான்! நம்ம ஊர் வெயிலுக்கு பிட்ச் இளகிப் போயிடும். இளகின பிட்ச்சுல நீளமா இழுத்தா ஓரம் வழியத்தான் செய்யும். நகத்தால அழுத்திப் பாரு, லேசாத்தான் பதியணும். காலையில அஞ்சு மணிக்கு உட்காரு. சின்னச் சின்ன இழுப்பா இழு."

இங்கிலீஷ் புத்தகத்தில் 'பிட்ச் சரியான பதத்தில் இருக்கட்டும்' என்றுதான் நான் படித்திருந்தேன். மத்தியான வெயிலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்தப் பதம் என்ன ஆகும் என்று அந்தப் புத்தகத்துக்கு எப்படித் தெரியும்? அது டீச்சர் நோட்டில்தான் இருந்தது.

பேங்க் அண்ணன் குறுக்கே வந்தார். "அவசரம்னா ஓரத்துல மூணு மில்லிக்குக் கறுப்பு பேப்பர் வளையம் ஒட்டிடு. கொஞ்சம் வெளிச்சம் போகும், படம் தெளிவா இருக்கும்."

"ஒட்டறதா, திரும்பத் தேய்க்கறதா? நீயே முடிவு பண்ணு" என்றார் லேத் தாத்தா. திரும்பத் தேய்க்கிறேன் என்றேன்.

ஜெரேனியம் பூத்தாச்சு!

தப்பைப் பகிர்ந்துகொள்கிற இந்தப் பழக்கத்துக்கு 100 வயசு தாண்டியாச்சு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு என்கிற சின்ன ஊர். லேத் மெஷின் மாதிரியான சாமான்கள் செய்கிற தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். ஆர்க்டிக் பனியில் சுற்றிவிட்டு வந்த ரஸ்ஸல் போர்ட்டர் என்பவர், 1920-ல் அந்தத் தொழிலாளிகளுக்குக் கண்ணாடி தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். 1923-ல் க்ளப் ஆரம்பித்தார்கள். குன்று மேல் தாங்களே ஒரு வீடு கட்டி, 'ஸ்டெல்லாஃபேன்' என்று பெயர் வைத்தார்கள். 'நட்சத்திரங்களின் கோயில்' என்று அர்த்தம். 1925-ல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் இவர்களைப் பற்றிக் கட்டுரை வர, ஊர் ஊராக இந்தக் கிறுக்கு பரவியது. 1926-ல் முதல் மாநாடு. இன்றைக்கும் கோடைக்காலத்தில் அந்தக் குன்றுக்குக் கையால் செய்த டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போர்ட்டர் பிறகு பலோமரின் 200 இன்ச் டெலஸ்கோப் திட்டத்துக்கே வேலைக்குப் போய்விட்டார்.

இன்னொருத்தர் கதை இன்னும் அட்டகாசம். ஜான் டாப்ஸன். 1915-ல் சீனாவின் பெய்ஜிங்கில் பிறந்தவர். 1944-ல் கலிஃபோர்னியாவில் துறவியானார். எந்த மடம் தெரியுமா? நம்ம மயிலாப்பூரில் இருக்கிறதே, அதே ராமகிருஷ்ண மடத்தின் அமெரிக்கக் கிளை! கையில் காசு கிடையாது. கப்பல் ஜன்னல் கண்ணாடி, அட்டைக் குழாய், ஒட்டுப்பலகை என்று கிடைத்ததை வைத்து டெலஸ்கோப் செய்தார். அதுவும் ரகசியமாக. கடிதத்தில் டெலஸ்கோப்புக்கு 'ஜெரேனியம்' என்கிற பூச்செடி பெயர்தான் கோட் வேர்டு. 'ஜெரேனியம் பூத்தாச்சு' என்றால் கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சு போட்டாச்சு என்று அர்த்தமாம்!

மடத்தை விட்டு அடிக்கடி காணாமல் போனதால், 1967-ல் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். மனுஷன் அசரவில்லை. சான்பிரான்சிஸ்கோ தெருமுனையில் டெலஸ்கோப்பை நிறுத்தி, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிலா பார்க்கக் கூப்பிட்டார். 1968-ல் அதற்கென்றே ஒரு குழு ஆரம்பமானது. அவர் பிரபலமாக்கிய எளிமையான மர ஸ்டாண்டுக்கு 'டாப்ஸோனியன்' என்று பெயர். அதற்கு அவர் பேட்டன்ட் வாங்கவே இல்லை. 2014-ல் மறைந்தார்.

அந்த மாடியில் பார்த்த கட்டில் பலகைப் பெட்டியும் டாப்ஸோனியன்தான். டெஃப்லான் துண்டு மேல் சன்மைக்கா வழுக்கிக்கொண்டு திரும்புகிறது. சுண்டு விரல் போதும்.

நாலு சதவீத நிலா

அடுத்த மாதக் கூட்டம் வரை காலை அஞ்சு மணி அலாரம். சின்னச் சின்ன இழுப்பு. நகத்தால் பிட்ச்சை அழுத்திப் பார்ப்பது. ஒரு நோட்டு வாங்கி, தேதி போட்டு, அன்றைக்கு என்ன சொதப்பினேன் என்று எழுதினேன். திரும்பப் போனபோது வளையம் முழுசாகப் போகவில்லை. ஆனால், நூல் மாதிரி இளைத்திருந்தது.

"இன்னும் பூச்சே போடலையே சார்" என்றேன்.

"பூச்சு போடாத கண்ணாடி 4 சதவீத வெளிச்சத்தைத்தான் திருப்பும். நிலாவுக்கு அது தாராளம்" என்று தன் டெலஸ்கோப்பின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் கண்ணாடியை மாட்டினார் லேத் தாத்தா.

கண்ணை வைத்தேன். வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில், பள்ளங்கள் ஒவ்வொன்றும் நிழலோடு நின்றன. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு ப்ளஸ் டூ பையன் தோளைத் தட்டினான். "அண்ணா, தள்ளுங்க!" அவன் இப்போது 220-ல் இருக்கிறான். என் நோட்டை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். என் சொதப்பல் அவனுக்கு ரெண்டு மாதத்தை மிச்சம் பிடிக்கலாம்.

இந்த வருஷம் எங்கள் டீம் ப்ராஜெக்ட்டை வாங்கப் போவதில்லை. நாங்களே செய்கிறோம். ஓடுமா என்று இப்போதைக்குத் தெரியாது. ஆனால், 'எது சரியா வரலை?' என்று யாராவது கேட்டால், இந்தத் தடவை எங்களிடம் ரெண்டு பக்கத்துக்குப் பதில் இருக்கிறது. பல்பு வாங்கினாலும் சொந்த பல்பு மச்சி!

களத்தில் குதிக்க ஐந்து டிப்ஸ்

* முதல் கண்ணாடி ஆறு இன்ச் போதும். எடுத்தவுடனே பெரிசுக்கு ஆசைப்படாதீங்க.

* தூள் நம்பர் மாறும்போதெல்லாம் எல்லாவற்றையும் கழுவுங்க. காய்ந்த தூள் மூச்சில் போகக் கூடாது, தண்ணீரோடுதான் தேய்க்கணும்.

* பிட்ச் உருக்கும்போது நேரடித் தீ வேண்டாம், பற்றிக்கொள்ளும். பக்கத்தில் பெரியவங்க இருக்கட்டும்.

* டெலஸ்கோப்பைச் சூரியன் பக்கம் திருப்பிக் கண்ணை வைக்கவே வைக்காதீங்க. ஒரு நொடி போதும், பார்வை போய்விடும்.

* தனியாகத் தேய்த்தாலும், காட்டும்போது கூட்டத்தில் காட்டுங்க. முக்கியமாக, முடியாததைக் காட்டுங்க!