கோவலனுக்குக் கிடைக்காத விசாரணை

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதை வந்தால், வணிகனான என் மனசு அங்கேயே நின்றுவிடும். பொற்கொல்லனோடு வந்த காவலர்கள், இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அதற்குள் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். தயங்கியவன் யார், வெட்டியவன் யார் என்று பிரித்துப் பார்க்க அங்கே விசாரணையே இல்லை.

சில வருஷங்களுக்கு முன் மும்பையில் என் கடைப் பையனைத் திருட்டுச் சந்தேகத்தில் ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். விடிந்ததும் ஒரு காரணமும் சொல்லாமல் அனுப்பினார்கள். கன்னம் வீங்கியிருந்தது. எங்கே போய் முறையிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன்.

பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. போலீசார் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் தனி ஆணையம் வேண்டும். மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர். மாவட்டத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. எஸ்.பி.யும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மாநில ஆணையத்தின் பொறுப்பு, டி.எஸ்.பி. வரை மாவட்டத்தின் பொறுப்பு. மகாராஷ்டிரம் 2014இல் சட்டத்தைத் திருத்தி மாநில அளவிலும் கோட்ட அளவிலும் ஆணையம் வைத்தது. நம் தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ உள்துறைச் செயலரையும் கலெக்டரையும் தலைவராக்கியது. கணக்கு எழுதியவனே கணக்கைத் தணிக்கை செய்வது போலத்தான்.

தராசுக்கு இன்னொரு தட்டும் உண்டு. அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவுப்படி, சில விலக்குகள் தவிர, குற்றச்சாட்டைத் தெரிவித்துப் பதில் சொல்ல இடம் கொடுக்காமல் ஒரு கான்ஸ்டபிளைக்கூட வேலையிலிருந்து நீக்க முடியாது; பதவி இறக்கவும் முடியாது. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 20(3). காக்கிச் சட்டைக்கும் அது பொருந்தும். அரசு அனுமதி பெற்றே வழக்குத் தொடர வேண்டிய அதிகாரிகளும் உண்டு. அந்தக் கோப்பு தூங்காதபடி, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 120 நாள் கெடு வைத்திருக்கிறது. அதற்குள் முடிவு வராவிட்டால் அனுமதி தந்ததாகவே பொருள்.

இதெல்லாம் போலீஸ்காரர் தப்பிக்கிற ஓட்டை என்று நம்மில் பலர் பேசுகிறோம். யோசித்துப் பாருங்கள். என் பையனுக்கு அந்த ராத்திரி மறுக்கப்பட்டவை எவை? என்ன குற்றம் என்று சொல்வதும், பதில் சொல்ல விடுவதும்தானே? அதையே அவர்களுக்கும் மறுக்கச் சொன்னால் நாம் கேட்பது நீதியல்ல, பழி.

பையன் பிறகு ஒன்று சொன்னான். அன்று ஒரு கான்ஸ்டபிள் யாருக்கும் தெரியாமல் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாராம். நான் புகார் எழுதியிருந்தால் அவர் பெயரும் அதில் சேர்ந்திருக்கும். அடித்த கையையும் தண்ணீர் கொடுத்த கையையும் பிரித்துக் காட்ட முறையான விசாரணை ஒன்றுதான் வழி.