பூட்டாத வைபை, புகுந்தது மிரட்டல் மெயில்!

ஒன்றும் அறியாதவர் வீட்டில் போலீஸ் சோதனை

உத்திரமேரூர் வீடுகளிலும் உஷார் தேவை

வாசற்கதவுக்கு திண்டுக்கல் பூட்டு. பீரோவுக்கு இரண்டு சாவி. ஆனால் கூடத்து மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் இன்டர்நெட் பெட்டிக்கு மட்டும் பூட்டே கிடையாது!

"நம்ம வீட்டு நெட்டுல திருட என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள், நவிமும்பையில் நடந்ததை தெரிந்து கொள்வது நல்லது. அதுபற்றிய விவரம் வருமாறு:-

2008-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி ஆமதாபாத் நகரில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. 50-க்கும் மேற்பட்டோர் பலி ஆனார்கள். குண்டு வெடிக்க சில நிமிடங்களுக்கு முன்பு டி.வி. நிலையங்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்து இருந்தது.

போலீசார் துப்பு துலக்கினார்கள். மெயில் கிளம்பிய எண், நவிமும்பை சான்பாடாவில் ஒரு அடுக்குமாடி வீட்டை காட்டியது. அங்கு குடியிருந்தவர் ஒரு அமெரிக்கர். அவருடைய கம்ப்யூட்டர்களை போலீசார் கைப்பற்றினார்கள். துருவித் துருவி விசாரித்தார்கள்.

கடைசியில் உண்மை வெளிவந்தது. அவர் வீட்டு வைபைக்கு சரியான பாதுகாப்பு இல்லை. யாரோ அதில் புகுந்து மெயிலை தட்டிவிட்டு போய்விட்டார்கள்!

அதே ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி டெல்லியில் குண்டு வெடித்தபோதும் இதே கதைதான். அந்த மெயில் மும்பை செம்பூரில் ஒரு கம்பெனியின் வைபையில் இருந்து போனது.

ஒரே எண்

வீட்டில் அப்பா செல்போன், மகள் லேப்டாப், டி.வி., கண்காணிப்பு கேமரா என்று பத்து இருக்கலாம். வெளியே போகும்போது எல்லாம் ஒரே எண்ணில்தான் போகும். அந்த எண் யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வீட்டுக் கதவைத்தான் போலீஸ் முதலில் தட்டும்.

வைபைக்கு சுவர் ஒரு தடை அல்ல. தெருவில் நிற்பவன் செல்போனிலும் உங்கள் வீட்டு நெட் தெரியும்.

நாலு விதி

பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில், குடவோலை தேர்தலுக்கு விதி எழுதி கல்லில் வெட்டிய ஊர் உத்திரமேரூர். கணக்கு காட்டாதவன் தேர்தலில் நிற்கக்கூடாது என்று அன்றே கறாராக சொன்ன ஊர். அந்த ஊர்க்காரர்கள் வீட்டு நெட்டுக்கு நாலு விதி போட்டுக்கொள்வது பெரிய காரியமா?

ஒன்று: பெட்டியை மாட்டியவர் படி இறங்கியதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாஸ்வேர்டு இரண்டு உண்டு. வைபைக்கு ஒன்று, பெட்டியின் உள் அமைப்புக்கு ஒன்று. பலர் இரண்டாவதை தொடுவதே இல்லை. 2016-ம் ஆண்டு 'மிராய்' என்ற வைரஸ், கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் பெட்டிகளையும் உலகம் முழுவதும் வளைத்துப் பிடித்தது. அவற்றை ஏவிவிட்டு நடந்த தாக்குதலில், அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பிரபல இணையதளங்கள் முடங்கின.

இரண்டு: பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 ஆக இருக்க வேண்டும்.

மூன்று: விருந்தாளிக்கும், ஓசி நெட் கேட்கும் பக்கத்து வீட்டு பையனுக்கும் முக்கிய பாஸ்வேர்டு வேண்டாம். 'கெஸ்ட்' என்ற தனி வழி பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. கடையும் வீடும் ஒன்றாக இருப்பவர்கள், பில் போடும் கம்ப்யூட்டரை வாடிக்கையாளர் நெட்டில் சேர்க்கவே கூடாது.

நான்கு: பெட்டியை வீட்டின் நடுவே, உயரத்தில் வையுங்கள். இரும்பு பீரோவும் பிரிட்ஜும் பக்கத்தில் வேண்டாம். பழைய வீட்டு தடித்த சுவரை தாண்டி உள்ளறைக்கு நெட் எட்டவில்லையா? 'லேன்' வயர் இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். கரண்டு போனாலும் நெட் ஓட சின்ன யு.பி.எஸ். போதும்.

3 ஆண்டு ஜெயில்

அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாக பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்ப சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நெட் வழியாக பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு போன் செய்யவேண்டும்.

சட்டம் திருடனை பிடிக்கும். ஆனால் அதற்குள் போலீஸ் ஜீப் உங்கள் வாசலில் வந்து நின்றிருக்கும். பாஸ்வேர்டு மாற்ற ஆவதோ ஐந்தே நிமிடம்!